வெத்துப் பக்கம்

கேட்ட வாயை மூடுவதற்குள் இரண்டு பேரும் நின்றுபோனார்கள்.

கித்தேரி முதலில் சிரிக்கத்தான் செய்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக நிற்பதை அவள் எந்த வீட்டிலும் பார்த்தது இல்லை. அண்ணன் தொம்மை நாற்காலியில் சாய்ந்து, டீத் தம்ளரைப் பாதி இறக்கி, சுவரைப் பார்த்தபடி இருந்தான். மைனி பிரகாசி அடுப்படி வாசலில் கரண்டியும் கையுமாக நின்றாள், அவள் கண்ணும் அதே சுவரில். கரண்டி நுனியிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இன்னொரு சொட்டு திரண்டு தொங்கியது.

"மைனி, வடை கருகுது."

தொங்கிய சொட்டும் விழுந்தது.

புதுத்துறைக் காலனியில் நிற்பு ஒன்றும் அதிசயம் கிடையாது. துறைமுகத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் காதுக்குப் பின்னால் சில்லு உண்டு. புது மாதிரிக் கிரேன் வந்து இறங்கும்போதெல்லாம் அதை ஓட்டுகிற பழக்கத்தைச் சில்லு வழியாகத் தலைக்குள் இறக்குவார்கள். தலையில் இடம் வேண்டுமே. பழைய ஞாபகத்தில் கொஞ்சத்தைப் பக்கம் பக்கமாக எடுத்து வெளியே வைப்பார்கள். அப்படி எடுத்து வைத்த ஒன்றை ஆள் நினைக்கப் போனால் அது அங்கே இருக்காது. பக்கம் வந்து சேருகிற வரைக்கும் ஆள் அப்படியே நிற்பான். மூச்சு ஓடும், நெஞ்சு அடிக்கும், மற்றதெல்லாம் நின்றுவிடும். ஒரு கண் சிமிட்டு நேரம், அவ்வளவுதான். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற ஒருத்தன் நின்றுபோனால், "மாமா நிற்புல இருக்காரு, சுத்திப் போங்கலே" என்று பின்னால் உள்ளவன் முன்னே ஏறிக்கொள்வான்.

முன்பு இந்தப் பக்கங்கள் எல்லாம் கம்பெனிக் கிடங்கில் இருந்தன. கம்பெனிதான் அனுப்பும். அனுப்பத் தாமதமாகும் என்பது ஒரு பாடு. அதைவிட, அனுப்புகிறவன் பார்த்துவிட்டு அனுப்புகிறான் என்பது பெரும்பாடாகிப் போனது. ஒரு பெண்ணின் கல்யாண ராத்திரியை எவனோ கேண்டீனில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தான். அன்றைக்குத் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சங்கம் போராடி வாங்கியதுதான் இப்போதுள்ள ஏற்பாடு. உன் பக்கம் உன் ஆளிடம் இருக்கும். நீ யார் பேரைக் கொடுக்கிறாயோ அவர் தலையில், கட்டி மூடின பொட்டலமாக. பிரித்துப் பார்க்க அவருக்கு வழி கிடையாது. நீ நின்றுபோனால் அவருக்கு, யாரோ துணியைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஓர் இழுப்பு வரும். அவர் தலையாட்டினால் பக்கம் உன்னிடம் வந்துவிடும். பேர் கொடுக்கிற ஆளுக்கும் சில்லு இருக்க வேண்டும், வேறு நிபந்தனை இல்லை.

வீட்டுக்கு வீடு இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து எழுதத்தான் சங்கம் கித்தேரியைப் போட்டிருந்தது. எல்லார் கைக்கும் ஒரு கையேடு வரப்போகிறது. கித்தேரிக்குச் சில்லு இல்லை. இறால் தலை கிள்ளுகிற வேலைக்குச் சில்லு எதற்கு? எழுத்துக்கூட்டிப் படிக்கவே கிழவியாகப் போகிற வயசில்தான் கற்றாள். "உங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க, எல்லாருக்கும் புரிஞ்சிரும்" என்று சங்கத்து இன்சினியர் ருக்கையா சொல்லியிருந்தாள். வாயால் சொல்வதை அப்படியே எழுதக் கூடாது, செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்பதும் ருக்கையா சொன்னதுதான். கித்தேரி எப்போதும் ஒருத்தரை நினைக்கச் சொல்லுவாள், மற்றவர் அனுப்புவதைப் பார்ப்பாள். ஒரு நேரத்தில் ஒருத்தர்.

இன்றைக்கு அண்ணன் வீடு என்கிற அசட்டை. காலைப் பூசை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, சுவரில் இருந்த ராயன் படத்தைப் பார்த்து, "இது எப்ப எடுத்த படம்?" என்று சும்மா கேட்டுவிட்டாள். இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாக.

ராயன் அவர்களின் ஒரே மகன். மீசை முளைக்கிற வயசில் படகோடு கடலுக்குப் போனவன் வரவே இல்லை. வெறும் பெட்டியைத்தான் அடக்கம் செய்தார்கள். கித்தேரி அப்போது குஜராத்தில் இறால் கம்பெனியில் கிடந்தாள், வர முடியவில்லை. படத்தில் அவன் போட்டிருந்த புதுச்சட்டையை அவள் பார்த்தது இல்லை. அதனால் கேட்டாள்.

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். மைனியின் கையிலிருந்து கரண்டியை உருவப் பார்த்தாள், விரல் பிரியவில்லை. கை சூடாகத்தான் இருந்தது. இந்நேரம் எத்தனையோ கண் சிமிட்டுப் போயிருக்கும்.

"அண்ணே! ஏ அண்ணே!"

தொம்மையின் தொண்டையில் களக் களக்கென்று ஒரு சத்தம். குடித்த டீ இறங்கவில்லை. வாயிலும் தொண்டையிலும் நின்று, மூச்சு அதன் வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. கித்தேரி அவன் தலையைப் பிடித்து முன்னால் சாய்த்தாள். டீ தாடை வழியாகப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் ஒழுகியது. சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டே மறு கையால் போனை எடுத்தாள்.

"ருக்கையா மேடம், எங்க அண்ணனும் மைனியும் நின்னுட்டாவ. நிற்பு எடுக்கவே மாட்டேங்குது."

"ரெண்டு பேருமா? ஒரே நேரத்திலயா?"

"ஆமா மேடம். நான்தான் ஒண்ணக் கேட்டேன்."

"அண்ணன் யார் பேரக் கொடுத்திருக்கார்?"

"மைனி பேர."

"அவங்க?"

"அண்ணன் பேர."

"ஐயோ," என்றாள் ருக்கையா. கித்தேரிக்குப் பதற்றம் ஏறியது. "எல்லாத்துலயும் அப்படித்தான மேடம் எழுதுவோம்? பேங்குல, பி.எஃப்.ல, இன்சூரன்சுல, புருசன் பொண்டாட்டி பேரு, பொண்டாட்டி புருசன் பேரு. வேற யார எழுதுவாவ? இந்தக் காலனில பாதி வீடு அப்படித்தான் இருக்கு."

"அக்கா, கேளுங்க. அண்ணனோட பக்கம் உங்க மைனி தலையில இருக்கு. அவங்க தலையாட்டணும். அவங்களால ஆட்ட முடியாது, ஏன்னா அவங்களும் ஒரு பக்கத்துக்காக நிக்கிறாங்க. அது அண்ணன் தலையில இருக்கு. அவர் தலையாட்டணும்."

"அப்ப யாரு முதல்ல முழிப்பா?"

"யாரும் முழிக்க மாட்டாங்க."

கித்தேரி அண்ணனைப் பார்த்தாள், மைனியைப் பார்த்தாள். நாலடி தூரத்தில் இருவரும். இரண்டு பேரும் மற்றவர் கதவைத் திறக்கட்டும் என்று ஒரே கதவின் இரண்டு பக்கமும் காத்து நிற்கிற மாதிரி.

"நாங்க எல்லாத்தையும் சோதிச்சோம் அக்கா," என்றாள் ருக்கையா. குரல் இறங்கியிருந்தது. "ஆள் தூங்கினா என்ன, செத்துப்போனா என்ன, சண்ட போட்டுப் பிரிஞ்சா என்ன, எல்லாம். ஒருத்தர் நிக்கும்போது மத்தவர் முழிச்சிருப்பார்ன்னு நெனச்சிட்டோம். ரெண்டு பேரும் ஒரே நாள ஒரே நேரத்தில தேடுவாங்கன்னு யாருக்கும் தோணல."

அந்த நேரத்தில் வாசலில் செவத்தியாள் குரல். பக்கத்து வீட்டுக்காரி.

"என்ன பிரகாசி, நாத்தனா வந்தா வடையக் கருக்கித்தான் போடணுமா? எங்க வீடு வரைக்கும் நாறுது." சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். "ஏட்டி, என்ன இது? மெழுகு பொம்ம கணக்கா நிக்காவ!"

"அக்கா, இங்க வந்து அண்ணன் தலையப் பிடிங்க. டீ தொண்டையில நிக்கு."

செவத்தியாள் வாய்தான் பெரிசு, கை அதைவிட வேகம். வந்து தலையைத் தாங்கி, முந்தானையை அவன் வாய்க்குள் விட்டுத் துடைத்தாள். படத்தைக் கேட்டதையும் இவர்கள் நின்றதையும் கித்தேரி இரண்டு வார்த்தையில் சொன்னாள். செவத்தியாள் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு என் தங்கச்சி பேரக் குடுத்திருக்காருன்னு நான் அவர ஏசாத ஏச்சா ஏசினேன். பொண்டாட்டி நான் ஒருத்தி இருக்கையில மச்சினிச்சி பேரு என்னத்துக்குன்னு. போன வாரந்தான் மாத்தி எழுத வச்சேன். சேசுவே. அந்தப் படம் பய கடலுக்குப் போன அன்னைக்கு எடுத்ததுல்லாட்டி."

"மேடம்," என்றாள் கித்தேரி போனில், "எவ்வளவு நேரம் இப்படியே இருக்கலாம்?"

"உடம்பு தாங்கும், மூச்சு சரியா இருந்தா. ஆனா பன்னெண்டு மணிச் சங்கு ஊதினதும் கம்பெனி எல்லாச் சில்லையும் ஒரு தடவ எண்ணிப் பாக்கும். லீவுல இருக்கறவங்களையும் சேத்து. நிற்புல கிடக்கிற சில்லப் பழுதுன்னு எடுத்துக்கும். பழுதுன்னா அழிச்சுட்டு மறுபடியும் கிளப்பும். வெளிய எடுத்து வச்ச பக்கம் அத்தனையும் போயிரும். ரெண்டு பேருக்கும். அவங்க வேற என்ன எடுத்து வச்சிருக்காங்க?"

கித்தேரிக்குத் தெரியும். போன வருஷம் இரண்டு பேருக்கும் ஓட்டப் புதுக் கிரேன் வந்தபோது மைனி ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். ராயன் பிறந்த ஆஸ்பத்திரி வாசல். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள். அண்ணன் எடுத்து வைத்ததில் அம்மாவின் முகம்கூட இருந்தது. "வேணும்கிறப்ப அவகிட்ட வாங்கிக்கிடுவேன், அடுத்த ரூம்லதான இருக்கா" என்று சிரித்தான். ஆனால் ராயன் போன நாளையும் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவே இல்லை. ஒருத்தருக்கு மற்றவர் சொன்னார்களோ என்னவோ.

மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது.

"நான் இப்ப கம்பெனிக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லலாம்," என்றாள் ருக்கையா. "ஞாயித்துக்கிழம யாரு எடுப்பா? எடுத்தாலும் நம்ம ஏற்பாடே தப்புன்னு எல்லாத்தையும் திரும்பக் கிடங்குக்கே கொண்டு போவாங்க. அப்படியும் விடல அக்கா, இன்னொரு போன்ல அடிச்சிட்டேதான் இருக்கேன். எடுக்கல."

"வேற வழியே இல்லையா மேடம்?"

"ஒண்ணு இருக்கு. எனக்குப் பிடிக்காத வழி."

"சொல்லுங்க."

"யாராவது ஒருத்தருக்கு நான் இங்கருந்து வெத்துப் பக்கம் அனுப்பலாம். எழுத்தே இல்லாத பக்கம். சில்லுக்கு, பக்கம் வந்துட்டுன்னு தோணும், ஆள் முழிச்சிருவார். முழிச்சவர் தலையாட்டினா மத்தவருக்கு உண்மையான பக்கம் போயிரும்."

"அப்புறம் இவருக்கு உள்ளத வாங்கி வச்சிட்டாப் போச்சு."

"வைக்க முடியாது. அந்த இடத்துல ஏற்கெனவே ஒண்ணு உக்காந்துட்டுல்லா? பஸ்ல ஒரே சீட்டுக்கு ரெண்டு டிக்கெட் கொடுத்தா, முதல்ல உக்காந்தவர் எந்திரிக்க மாட்டார். உண்மையான பக்கம் மத்தவர் தலையிலயே பொட்டலமாக் கிடக்கும், சாகுற வரைக்கும். பிரிக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது."

செவத்தியாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப ஒருத்தருக்கு அந்தப் பய போன நாளு இல்லாமப் போயிரும்?"

"ஆமாங்க."

"யாருக்குன்னு யாரு சொல்லணும்?"

"வீட்டு ஆள் வாயால சொல்லணும்," என்றாள் ருக்கையா. "கித்தேரி அக்காதான்."

"நான் எப்படி மேடம்? அந்த நாள்ல என்ன நடந்துன்னே எனக்குத் தெரியாது. ஊர்லயே இல்ல நான்."

"தாய்க்கு அது போகட்டும்ளா," என்றாள் செவத்தியாள். "தினமும் மெழுகுதிரி கொளுத்தி அழுதாளே, கொஞ்சம் ஓயட்டும்."

"அவன் கடைசியாப் பேசினது என்னன்னு பெத்தவளுக்கு இல்லாமப் போகவா? அது கொஞ்சம் ஓய்ச்சலா அக்கா?"

"அப்ப உங்க அண்ணனுக்கு."

"அவனும் பெத்தவன்தான?"

"பின்ன ரெண்டு பேரையும் சங்கு ஊதினதும் துடச்சுப் போடட்டுமா? சொல்லுட்டி!"

செவத்தியாள் கத்தவும் தொம்மையின் தொண்டையில் மறுபடியும் களக்கென்றது. இந்த முறை குமிழ் விடவில்லை. சத்தமே நின்றது. நெஞ்சு மேலே ஏறி, ஏறின இடத்தில் நின்று, உள்ளே இழுக்க எதுவும் இல்லாமல் அடித்துக்கொண்டது. உதட்டோரம் நீலம் பாய்ந்தது. செவத்தியாள் அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. இருமத் தெரிந்த உடம்பு இரும மறந்து கிடந்தது.

"அண்ணனுக்கு!" என்றாள் கித்தேரி. "மேடம், அண்ணனுக்கு அனுப்புங்க! சீக்கிரம்!"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த நினைப்பு வந்து குத்தியது. மூச்சு முட்டுகிறது என்றா சொன்னேன்? மைனிக்கு மூச்சு முட்டியிருந்தால் இதே வேகத்தில் வாய் வந்திருக்குமா? கூடப் பிறந்தவன் என்று நாக்கு முந்திக்கொண்டதா? அவளுக்கே தெரியவில்லை. இனி எந்நாளும் தெரியப்போவதும் இல்லை.

தொம்மை பெரிதாக ஒரு இருமல் இருமினான். டீ மூக்கு வழியாகத் தெறித்தது. தம்ளர் கீழே விழுந்து உருண்டது. வளைந்து, நெஞ்சைப் பிடித்து, மறுபடி இருமி, நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தான்.

"என்னட்டி, எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய? என் சட்டைய யாரு நனச்சது?"

செவத்தியாள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கித்தேரி அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள், இருக்கிறானா என்று பார்க்கிற மாதிரி.

"அவ இழுக்கா," என்றான் தொம்மை, காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு. திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். "ஏ பிரகாசி! இவ ஏன் கரண்டியப் பிடிச்சிட்டு நிக்கா?"

"அண்ணே, பொறு. தலையாட்டாத. ஒரு நிமிசம் நான் சொல்லுறதக் கேளு."

போனில் ருக்கையா, "அவர்தான் இப்ப முடிவு பண்ணணும் அக்கா," என்றாள். "அவர் கொடுக்கலன்னா அவங்களுக்கும் நான் வெத்துப் பக்கம் போட முடியும். ரெண்டு பேருக்கும் அந்த நாள் இல்லாமப் போகும். மத்ததெல்லாம் தப்பிக்கும். நல்லதோ கெட்டதோ, அப்படியும் செய்யலாம்."

கித்தேரி சொன்னாள். எப்படிச் சொன்னாள், எந்த வார்த்தையில் சொன்னாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகம் இல்லை. தொம்மை கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் இருமினான்.

"ராயன் போன நாளா?" என்றான். கண்ணை மூடித் தேடினான். நிற்பு வரவில்லை. "அடக்கம் தெரியுது. பெட்டியத் தூக்கினது, கனமே இல்லாம இருந்தது தெரியுது. அதுக்கு முந்தி..." கையை முன்னால் நீட்டித் துழாவினான். "சுண்ணாம்பு அடிச்ச சுவருல்லா இருக்கு. ஒண்ணுமே இல்லையட்டி."

"மைனிக்கும் அப்படி இருக்கட்டுமா அண்ணே?"

தொம்மை எழுந்து பிரகாசிக்கு முன்னால் போய் நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். மறுபடியும் இருமல் வந்து அவன் குனிந்தான்.

"அவ சாமான அவ கேக்கா," என்றான் இருமலுக்கு நடுவே. "வாங்கி வச்சவன் குடுக்கணும். இல்லன்னு சொல்ல நான் யாரு?"

தலையாட்டினான். ஆட்டின ஆட்டத்திலேயே குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினான். செவத்தியாள் செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். குழாய் திறக்கிற சத்தமும், அவன் வாந்தி எடுக்கிற சத்தமும், "மெள்ள, மெள்ள" என்று அவள் முதுகு தட்டுகிற சத்தமும் கேட்டன.

அதனால் பிரகாசி முழித்தபோது பக்கத்தில் கித்தேரி மட்டும்தான் இருந்தாள்.

மைனி முழிக்கும்போதே பேசினாள். கண் இந்த வீட்டில் இல்லை. கெஞ்சுகிற குரல். ஓடி வந்து மூச்சு வாங்குகிறவளின் குரல்.

"கூண்டு ஏத்தியாச்சுங்க. எலேய் எறங்காதன்னு சொல்லுங்க. நான் சொன்னா சிரிக்கான். நீங்க சொன்னா கேப்பான், ஒரு வார்த்த சொல்லுங்க. ஏங்க, எறங்காதன்னு..."

கரண்டி விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவள் கண் திரும்பி வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டாள். கித்தேரியைப் பார்த்தாள், அணைந்த அடுப்பைப் பார்த்தாள், தரையில் கிடந்த தம்ளரைப் பார்த்தாள்.

"மைனி, உக்காருங்க."

"அவரு சிரிச்சாரு கித்தேரி." உட்காரவில்லை. குரல் காற்றாகத்தான் வந்தது. "புயல்கூண்டு ஏத்திருக்கு, ஒரு படகு எறங்கல. இவரு சிரிச்சாரு. ‘தொம்மை மவன் காத்துக்குப் பயந்தவன்னு ஊர் சொல்லணுமாக்கும்’ன்னாரு. படம் பிடிக்கச் சொல்லிட்டு, அவரே தோளக் குடுத்துப் படகத் தள்ளிவிட்டாரு."

அண்ணனுக்கு வெத்துப் பக்கம் போட்டதையும், அந்த நாள் அவனுக்கு இனி வராது என்பதையும் கித்தேரி மெல்லச் சொன்னாள். மைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் இன்னும் கரண்டி பிடித்த மடக்கு அப்படியே இருந்தது.

சங்கு ஊதியது. துறைமுகத்துப் பக்கமிருந்து நீளமாக வந்து, காலனி முழுக்க நிறைந்து, ஓய்ந்தது. இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. அம்மா முகம் தப்பித்தது, ஆஸ்பத்திரி வாசல் தப்பித்தது.

"அக்கா!" போனில் ருக்கையா. "ரெண்டு சில்லும் நல்லா இருக்குன்னு வருது. அல்ஹம்துலில்லாஹ். நான் இப்பவே காலனி முழுக்கச் சொல்லி அனுப்பறேன், புருஷனும் பொண்டாட்டியும் மாறி மாறிப் பேர் கொடுத்திருந்தா இன்னைக்கே மாத்தணும். கையேட்டுல முதல் வரியே அதுதான். நீங்க பாத்தத எல்லாம் விடாம எழுதிருங்க. எப்படி நின்னாங்க, யாருக்கு என்ன போச்சு, முழிச்சதும் என்ன சொன்னாங்க, எல்லாம். உங்க மைனி முழிக்கும்போது ஏதோ பேசின மாதிரி இருந்துச்சு. எனக்குச் சரியாக் கேக்கல. என்ன சொன்னாங்க?"

பின்வாசலில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. கையேடு வீட்டுக்கு வீடு போகும். அண்ணனுக்கும் படிக்கத் தெரியும்.

கித்தேரி மைனியைப் பார்த்தாள். மைனி இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடை கருகிட்டுன்னாவ மேடம்."

ருக்கையா சிரித்துவிட்டாள். பயம் தெளிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "பொம்பளங்க பாருங்க! சரி, அதையும் எழுதுங்க." போனை வைத்தாள்.

தொம்மை முகமும் தலையும் நனைந்து உள்ளே வந்தான். பிரகாசி முழித்து நிற்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். செவத்தியாள் பின்னால் வந்தவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நான் போயி எங்க வீட்டுக்காரர் குடுத்த பேர மாத்திட்டு வாரேன். என் தங்கச்சியே இருக்கட்டும், வாழ்ந்துட்டுப் போறா," என்று முணுமுணுத்தபடி வெளியே போனாள்.

"உனக்கு வந்துட்டா?" என்றான் தொம்மை.

"வந்துட்டு."

"எனக்கு இனி வராதாம்."

"கித்தேரி சொன்னா."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. துவட்டிக்கொள்ளவில்லை. தலையைத் தூக்காமலே பேசினான்.

"இத்தன நாளா உன்கிட்ட வாங்கிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல பிரகாசி. அதுக்குத்தான் அத முதல் ஆளாக் குடுத்தேன். ஒரு நா அது தானா வந்து விழுந்துருமோன்னு கிரேன் மேல உக்காந்துகூட பயந்துட்டு இருப்பேன். இனி வரப்போறதில்ல. உனக்கு மட்டுந்தான் தெரியும். நீ சொன்னாத்தான் உண்டு." நிறுத்தினான். "நான்தான அவன அனுப்புனேன்?"

கித்தேரி தரையில் கிடந்த தம்ளரை எடுக்கக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். மைனி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைக் குற்றம் சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லை. மகனைத் தள்ளிவிட்ட தோள் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஈரமாக, கூனிக்கொண்டு, கேட்டுக்கொண்டு.

பிரகாசி முந்தானையை அவிழ்த்தாள். அவனருகில் போய் அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அழுத்தி, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

"நீங்க தடுத்திய," என்றாள். "அவன் கேக்கல."

தொம்மை துணிக்குள் முகத்தை நிமிர்த்தினான்.

"தடுத்தேனா?"

"தடுத்திய."

"நெசமாவா?"

"பிள்ள மேல சத்தியம் பண்ணச் சொல்லுதியளா?"

"வேண்டாம், வேண்டாம்." தொம்மையின் முதுகு குலுங்கியது. அழுகிறானா மூச்சு விடுகிறானா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் குலுங்கியது. பிரகாசி துவட்டிக்கொண்டே இருந்தாள். தலை எப்போதோ காய்ந்துவிட்டது.

பிறகு அவன் துணியை விலக்கி முகத்தை வெளியே எடுத்தான். கண் சிவந்திருந்தது. சின்னப் பிள்ளை மிட்டாய்க் கடை முன்னால் நிற்கிற முகம்.

"நான் என்ன சொல்லித் தடுத்தேன்?"

இதை மைனி யோசித்து வைத்திருக்கவில்லை. கித்தேரி பார்த்தாள், முந்தானையைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. கண் ஓரிடத்தில் குத்தி நின்றது. குனிந்திருந்த கித்தேரி சட்டென்று நிமிர்ந்தாள், மறுபடி நிற்பா என்று. நிற்பு இல்லை. மைனி தேடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவன் சொல்லாத வார்த்தையை எங்கே போய்த் தேடுவாள்?

"‘கூண்டு ஏத்தியாச்சு, எலேய், எறங்காத’ன்னிய," என்றாள்.

தொம்மை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக. பிரகாசி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கருகின எண்ணெயைக் கொட்டி, சட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"எலேய்," என்றான் தொம்மை, வாசல் பக்கம் பார்த்து. "கூண்டு ஏத்தியாச்சு. எறங்காத."

மூன்றாவது தடவை சொன்னபோது அது அவன் சொன்னது மாதிரியே இருந்தது.